வெள்ளிக்கிழமைத் தராசு

கல்லூரி ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு ஹஸ்னா என்ற மாணவி கல்முனையில் மச்சானின் போன் கடைக்கு வந்தாள். உடைந்த திரைகளை மாற்றிக்கொண்டு நான் இப்போது இருப்பது அங்கேதான். நான் படித்த அதே கல்லூரி, அதே பாடம். அளவைக் கருவிகள்.

"கட்டுரைக்குக் கீழ 'ஓய்வுபெற்ற தராசுப் பரிசோதகர்' எண்டு போடவா சேர்?"

"எனக்கு வயசு முப்பத்தஞ்சு, தங்கச்சி."

"அப்ப என்னெண்டு போடுற? வேலையிலயும் இல்லதானே நீங்க."

மறுக்க முடியவில்லை. முதுகெலும்பில் இரண்டு வட்டுகள் நசுங்கிவிட்டன என்று படத்தைக் காட்டிய டொக்டர், இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்றார். தொழிலே பாரம் தூக்குவதுதான் என்றேன். அப்படியென்றால் தொழிலை விடுங்கள் என்றார். சம்பவம் அவ்வளவுதான். போட்டுக்கொள், ஓய்வுபெற்றவன் என்றே போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டேன்.

அவள் போகவில்லை. "இப்ப தராசெல்லாம் நெட்டோட தொடுத்திரிக்காம் சேர். கொழும்பில இரிந்தே திரையப் பாத்து பிழை சரி சொல்லுறாங்களாம். நீங்க ஏன் ஊர் ஊராப் போய்க் கல்லுத் தூக்கின?"

கேள்வி நல்ல கேள்வி. கடையில் நின்றபடி பதில் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி எழுத அதிகமில்லை. டிப்ளோமா முடித்த கையோடு ஒரு தராசுக் கம்பனியின் கிழக்குக் கிளையில் சேர்ந்தேன். முதல் வருடம் கல் துடைத்தேன். இரண்டாம் வருடம் கல் தூக்கினேன். மூன்றாம் வருடம் ஒரு சிறிய வேனும், வார்ப்பிரும்பில் செய்த இருபது கிலோக் கற்கள் ஐம்பதும் தந்து, தனியே போ என்றார்கள். அந்தக் கற்கள்தான் எங்கள் ஆதாரம். அவற்றைத் தராசில் வைத்து, தராசு என்ன சொல்கிறதென்று பார்ப்பதுதான் வேலை. கேட்க எளிது. எனக்கு அப்போது அதன்மேல் ஒரு பைத்தியமே இருந்தது. சந்தையில் மீன் நிறுக்கிற தராசைக் கண்டாலும் நின்று எட்டிப் பார்ப்பேன்.

கிளைக்குப் பொறுப்பானவர் தவராசா சேர். மட்டக்களப்புக்காரர், மெலிந்த மனிதர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி இருக்கும். கல்லை வெறுங்கையால் தொட விடமாட்டார். கை வியர்வை இரும்பைத் தின்னும் என்பார். அவருக்கு இரண்டு பிடிவாதங்கள். ஒன்று, வேலை முடிந்து முத்திரை வைக்கும்வரை அந்த இடத்தில் பச்சைத் தண்ணீரும் குடிக்கக் கூடாது. மற்றது, 'சரி' என்ற சொல்லை அவர் காதில் போடக் கூடாது.

"சேர், தராசு சரி."

"சரியெண்டு ஒரு நிறை இரிக்கா? எவ்வளவு காட்டுது, அதச் சொல்லு."

"இருபது வைச்சா இருபது காட்டுது சேர்."

"ஆ. அது கதை."

தேத்தண்ணி குடிக்காதவனோடு யார் உட்கார்ந்து கதைப்பார்கள்? ஆலைக்குப் போனால் முதலாளி என்னைக் குற்றம் பிடிக்க வந்தவனாகப் பார்ப்பார். கூலியாட்கள் என்னை முதலாளியின் ஆளாகப் பார்ப்பார்கள். பகல் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒரு பக்கம் கூடிச் சிரித்துக்கொண்டிருக்க, நான் மறுபக்கம் கற்களோடு நிற்பேன். எனக்கு வாய் ஓயாது, வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்த வாயை வேனுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு நாள் முழுக்க இலக்கங்களைப் பார்த்திருப்பது லேசான காரியமில்லை.

நற்பிட்டிமுனையில் ஓர் அரிசி ஆலை. அரிசியை நிறம் பார்த்துப் பிரிக்கிற மெஷின் ஒன்று அங்கே இருந்தது, அதைப் பார்ப்பதும் எங்கள் கம்பனி வேலைதான். அரிசி சரிவில் திரைபோல விழும். கமரா ஒவ்வொரு மணியாகப் பார்க்கும். கறுப்பு மணி கண்ணில் பட்டால் ஊசி போன்ற காற்று அதை ஊதித் தள்ளும். தகரத்தில் மழை விழுகிற சத்தம். 'ஒரு கறுப்பும் வரக் கூடாது' என்று முதலாளி சொன்னார். நானும் உற்சாகமாகக் கூர்மையைக் கூட்டினேன். கறுப்பு நின்றது. தவராசா சேருக்குப் போன் எடுத்தேன்.

"தள்ளி விட்டதுக்குள்ள நல்ல அரிசி எவ்வளவு?" என்று கேட்டார்.

அதை நான் பார்க்கவில்லை. ஒரு தட்டு நிறையக் கழிவை அள்ளி வைத்து, தரையில் குந்தியிருந்து, மணி மணியாகப் பிரித்தேன். தட்டில் பாதிக்கு மேல் நல்ல அரிசி. அந்தப் பக்கம் தரை கூட்டிக்கொண்டு வந்த ஒரு பெண் நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அரிசி பொறுக்கவா தம்பி டிப்ளோமா படிச்ச நீங்க?"

ஓம் என்றேன். அவள் சிரித்துக்கொண்டு போனாள். அன்று முழுக்க என்னோடு கதைத்தது அவள் ஒருத்திதான். கறுப்பைப் பிடிக்கிறபோது நல்லதில் எவ்வளவு போகிறதென்று மறக்காமல் பார்க்கிற பழக்கம் அந்தத் தட்டிலிருந்து வந்தது.

இனி, ஹஸ்னாவுக்கு நான் சொல்ல வந்த விடயம்.

முஸ்லிம்களின் சம்மாந்துறைக்கும் தமிழரின் வீரமுனைக்கும் இடைப்பட்ட வீதியில் சலீம் ஹாஜியாரின் நெல் ஆலை. லொறியை நெல்லோடு அப்படியே ஏற்றி நிறுக்கிற தரைத் தராசு, வேபிரிட்ஜ், சுருக்கமாகப் பாலம், வாசலிலிருந்து கொஞ்சம் உள்ளே இருந்தது. லொறி நெல்லோடு ஒருமுறை ஏறும், நெல்லை இறக்கிவிட்டு வெறுமையாக மறுமுறை ஏறும். கழித்துப் பார்த்தால் நெல்லின் நிறை. யன்னலுக்குள் இருந்து நிறை பார்ப்பவர் கலீல் காக்கா; அண்ணனை நாங்கள் காக்கா என்போம். தலை நரைத்தவர், மெல்லப் பேசுகிறவர். அந்த யன்னலை விட்டால் அவருக்கு வேறு தொழில் தெரியாது.

அந்தப் பெரும்போக அறுவடையில் வீரமுனை விவசாயிகள் வந்து வாசலில் நின்றார்கள். லொறி ஒன்றுக்குப் பத்து மூடை, சிலவேளை பதினைந்து மூடை நெல் குறைகிறது என்றார்கள். வயல் வட்டையில் மூடை மூடையாக நிறுத்து ஏற்றிய நெல். அதுவும் குறைவது வீரமுனை லொறிக்கு மட்டும். சம்மாந்துறை ஆட்களின் லொறி ஒன்றுக்கும் குறையவில்லை. இந்தக் கடைசி வசனம்தான் எல்லோரையும் பயப்படுத்தியது. நெல்லை விட்டுக் கதை வேறு பக்கம் போகப் பார்த்தது. இரண்டு ஊருக்கும் நடுவில் இரத்தம் சிந்திய பழைய காலங்களை யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

கலீல் காக்கா கோயிலுக்கு வந்து சூடம் கொளுத்திச் சத்தியம் செய்யட்டும் என்றார்கள் அவர்கள். பள்ளிவாசலில் வந்து கேளுங்கள், எத்தனை தரம் வேண்டுமானாலும் சொல்கிறேன் என்றார் இவர். கோயிலுக்கு இவர் போகவில்லை, பள்ளிக்கு அவர்கள் வரவில்லை. ஹாஜியார் கடைசியில் கலீல் காக்காவைக் கூப்பிட்டு, போகம் முடிவதற்குள் விடை தெரியாவிட்டால் நீ வீட்டிலிருக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்.

வீரமுனைக்காரர் தவராசா சேர்தான் வர வேண்டும் என்றார்கள். ஹாஜியார், தன்னைப்போல முஸ்லிமான நான்தான் வர வேண்டும் என்றார். இரண்டையும் சேருக்குச் சொன்னேன்.

"நான் வரமாட்டன்," என்றார். "அவங்க தங்கட ஆளக் கேக்கிறாங்க, இவர் தன்ர ஆளக் கேக்கிறார். ரெண்டு பேரும் தராசக் கேக்கல்ல. நீ போ. தனியப் போ. போய் ஒருத்தருக்கும் ஆளா இராத."

போனேன். ஐம்பது கற்களையும் ஒவ்வொரு மூலையாக அடுக்கினேன், இறக்கினேன், மறு மூலைக்குக் கொண்டுபோனேன். பாலத்துக்குக் கீழே பாரத்தை வாங்குகிற உணரிகளைத் துடைத்துப் பார்த்தேன். ஒரு குறையுமில்லை. இரண்டு கிழமை கழித்து இன்னொரு தரம் போனேன். அதே இலக்கங்கள். கலீல் காக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தராசில் பிழை இல்லையென்றால் பிழை அவர் கையில் என்றாகிவிடும். பிழை கண்டுபிடி என்று கெஞ்சுகிற முகத்தை நான் அதற்கு முன் எந்த ஆலையிலும் கண்டதில்லை.

அன்று வாசலில் தெய்வநாயகம் அண்ணன் நின்றார். வீரமுனைக்காரர், சொந்த லொறி, சொந்த நெல். குறைந்ததில் கூடுதலாகக் குறைந்தது அவருக்குத்தான்.

"எப்பிடித் தம்பி, தராசு நல்ல பிள்ளதானே?"

"கல்லுக்கு நல்லாத்தான் காட்டுது அண்ணன்."

"காட்டும். நீங்க வாற நாளெல்லாம் அது நல்ல பிள்ளையாத்தான் இரிக்கும். நாங்க வாற நாளில ஒருக்கா வாங்களன் பாப்பம்."

"நீங்க எப்ப வாற?"

"வெள்ளிக்கிழமைதான். ஒங்கட ஆக்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போனா கியூ இல்ல. கேற் திறக்கக்குள்ள முதல் லொறி எங்கட லொறிதான்."

"எல்லாரும் வெள்ளியிலயா?"

"ஊரில பாதிப் பேர். ஏன், வெள்ளிக்கிழமையில தராசுக்கும் நோன்போ?"

அவர் குத்தலாகத்தான் சொன்னார். நான் வேனுக்குப் போய் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ஒரு வெள்ளிக்கிழமையும் அந்த நேரத்தில் எந்த ஆலையிலும் நின்றதில்லை. நிற்கவும் முடியாது, நானும் பள்ளியில் இருப்பேன்.

அடுத்த வெள்ளி காலையில் உம்மா கேட்டார்:

"இண்டைக்கு எங்க மனே போற?"

"சம்மாந்துறைப் பக்கம். மில்லுக்கு."

"ஜும்ஆ?"

"அங்க பள்ளி இரிக்கி உம்மா."

பள்ளி இருந்தது உண்மைதான். ஆலையின் பின்மதிலை ஒட்டியே இருந்தது.

ஹாஜியார் வெள்ளை உடுப்போடு வெளிக்கிடும்போது என்னைப் பாலத்துக்குப் பக்கத்தில் கண்டார். "வாங்க தம்பி, பாங்கு சொல்லப் போகுது."

"நான் இங்க நிக்கிறன் ஹாஜியார்."

தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை. அதற்கு நிறை போட்டால் ஐம்பது கல்லும் போதாது.

பாங்கு சொன்னதும் கலீல் காக்கா பெரிய சுவிட்சை இழுத்து விட்டார். ஜும்ஆ நேரம் ஆலையில் ஒரு சத்தமும் இருக்கக் கூடாது என்பது ஹாஜியாரின் வழக்கம். தராசுப் பெட்டி உட்பட எல்லாம் நின்றது. காற்றை அழுத்துகிற மெஷின் பெருமூச்சு விட்டு அடங்கியது. பெரிய தகரக் கேற்றைப் பூட்டிவிட்டு அவரும் போனார். அடுத்த நிமிடம் பள்ளிப் பக்கத்துச் சின்ன வாசலால் மோட்டார் சைக்கிள்கள் வரத் தொடங்கின. பள்ளி ஒழுங்கை ஒடுக்கம், நிறுத்த இடமில்லை. வந்தவர்கள் வெயிலைப் பார்த்தார்கள், நிழலைப் பார்த்தார்கள். போன மழைக்குப் பிறகு ஹாஜியார் போட்ட புதுக் கூரை அந்த முற்றத்தில் ஒரே இடத்தில்தான் நிழல் விழுத்தியது. வரிசையாக அங்கே நிறுத்தி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஓடினார்கள்.

நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். புத்தியில் ஒன்றும் ஓடவில்லை.

குத்பாப் பிரசங்கம் ஒலிபெருக்கியில் வந்தது. ஊர் முழுக்க உள்ளே இருந்தது. நான் மட்டும் மதிலுக்கு இந்தப் பக்கம். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது, எனக்கில்லாத ஒன்றைப்போலக் கேட்டது. கேற் இடுக்கால் தெய்வநாயகம் அண்ணனின் குரல் வந்தது.

"உள்ள ஆர் நிக்கிற?"

"நான்தான் அண்ணன்."

"தொழப் போகல்லயா?"

"இல்ல."

அவர் இடுக்குக்கு இன்னும் கிட்ட வந்தார். "எங்களுக்காகவா நிக்கிறயள்?"

தவராசா சேர் சொன்னது ஞாபகம் வந்தது. "தராசுக்காக அண்ணன்."

"போத்தலில பிளேன்டீ இரிக்கி. இடுக்கால தரட்டா?"

"வேல முடியாம குடிக்கக் கூடா."

"சரியான ஆள்தான்," என்றார். அவர் குடிக்கிற சத்தம் கேட்டது.

தொழுகை முடிந்ததும் முதலில் ஓடி வந்தது கலீல் காக்கா. வெளியே லொறி காத்து நிற்கிறதென்று அவருக்குப் பதற்றம். சுவிட்சைத் தள்ளினார், யன்னல் பக்கம் பார்க்காமலே கேற்றைத் திறக்கப் போனார். நான் யன்னலில் நின்றேன். திரையில் எண்கள் ஒன்றிலிருந்து ஒன்பதுவரை ஓடி அடங்கின. பிறகு ஸீரோ.

பாலத்தின் மேல் பத்து மோட்டார் சைக்கிள்கள் நின்றன. திரை ஸீரோ என்றது. கொழும்பிலிருந்து பார்ப்பவருக்கும் அது ஸீரோதான்.

மின்சாரம் வந்தவுடன் அந்தப் பெட்டி தன் மேல் கிடப்பதை வெறுமை என்று எடுத்துக்கொள்ளும். அப்படித்தான் செய்திருக்கிறார்கள், மண்ணும் மழைநீரும் கணக்கில் வராமலிருக்க. பத்து மோட்டார் சைக்கிளையும் அது மண்ணாக எடுத்துக்கொண்டது. ஆட்கள் வந்தார்கள், சலாம் சொல்லிக்கொண்டு ஒவ்வொருவராக எடுத்துப் போனார்கள். திரையில் மைனஸ் நூறு, மைனஸ் இருநூற்றிருபது என்று கீழே போய்க்கொண்டே இருந்தது. ஒருவர் கண்ணும் அதில் இல்லை. கடைசிச் சைக்கிள் இறங்கவும், கலீல் காக்கா கையைக் காட்ட, தெய்வநாயகம் அண்ணனின் லொறி ஏறவும் சரியாக இருந்தது. மைனஸ் மறைந்தது. ஒரு தொன்னுக்கு மேல் நெல் அதோடு மறைந்தது.

"நிப்பாட்டுங்க! கலீல் காக்கா, எழுத வாணாம்! அண்ணன், பின்னுக்கு எடுங்க!"

லொறி இறங்கியது. திரை மைனஸில் நின்றது. கலீல் காக்கா என்னைத் தாண்டி யன்னலுக்குள் கை விட்டு ஸீரோ பொத்தானைத் தேடினார்.

"அமத்தாதீங்க. இது ஒவ்வொரு வெள்ளியும் இப்பிடிக் காட்டுமா?"

"ஓம். கரண்ட் வந்த புதுசில கொஞ்சம் பிசகும். முதல் லொறி இறங்கினாப் பொறகு ஸீரோவ அமத்தினா ஒழுங்காயிரும்."

முதல் லொறி. அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்கு. நெல்லோடு ஏறியபோது குறைந்த அந்த லொறி வெறுமையாக ஏறும்போது முழு நிறையைக் காட்டும். குறைவு முழுதும் நெல்லில் விழும். வெள்ளிக்கிழமை முதல் லொறி யாருடையது? ஜும்ஆவுக்குப் போகாதவருடையது.

ஹாஜியார் வந்தார், சனம் கூடியது. போனவர்களில் சிலரைத் திருப்பிக் கூப்பிட்டு, சைக்கிள்களை மறுபடி பாலத்தில் நிறுத்தி, சுவிட்சைப் போட்டு எல்லோர் முன்னாலும் காட்டினேன். தெய்வநாயகம் அண்ணன் திரையையும் சைக்கிள்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த நீலச் சைக்கிள் ஆர்ட?"

ஹாஜியார் தாடியைத் தடவினார். "என்டதான்."

"அப்ப ஹாஜியாரையும் நான்தான் சுமந்திரிக்கன், இவ்வளவு நாளும்!"

முதலில் சிரித்தது ஹாஜியார். பிறகு எல்லோரும். குறைந்த நெல்லை இன்றைக்கே அளந்து ஏற்றுவோம் என்று ஹாஜியார் தெய்வநாயகம் அண்ணனின் தோளில் கைபோட்டு உள்ளே கூட்டிப்போனார். "சாப்பிட்டுப் போகணும்."

"வெள்ளிக்கிழமை ஹாஜியார், நாங்க மரக்கறி."

"அப்ப பருப்பும் சோறும். எலேய், ஆருக்காவது சொல்லுங்கடா!"

உள்ளே கதவு சாத்தியது. சிரிப்புச் சத்தம் அதற்குள் போனது. மூலையில் பாயைப் போட்டு, தவறிய ஜும்ஆவுக்குப் பதிலாக லுஹர் தொழுதேன். மின்சாரம் வந்ததும் தானாக ஸீரோ எடுக்கிற அமைப்பை நிறுத்தினேன். அமைப்பைத் தொட்டால் முழுப் பரிசோதனையும் மறுபடி செய்ய வேண்டும். ஐம்பது கல், நான்கு மூலை. முதுகில் ஒரு சொடுக்கு விழுந்தது அன்றுதான், அப்போது பொருட்படுத்தவில்லை.

கடைசிக் கல்லை வேனில் ஏற்றும்போது கலீல் காக்கா வந்தார். கையில் ஒரு கோப்பைத் தேத்தண்ணி. இனி யன்னலில் அவர்தான் என்று ஹாஜியார் சொல்லிவிட்டார். அவர் முகத்தில் அந்தச் சந்தோசம் இல்லை. கோப்பையைப் பாலத்தின் விளிம்பில் வைத்தார்.

"ஒண்டு கேக்கட்டா தம்பி?"

"கேளுங்க காக்கா."

"ஜும்ஆவ விட்டுட்டு நிண்டது மிசினப் புடிக்கவா, என்னப் புடிக்கவா?"

இருபது வைத்தால் இருபது என்று சொல்லப் பழகிய எனக்கு அதற்கொரு இலக்கம் கிடைக்கவில்லை. அன்று காலையில் எனக்கே தெரியாது. அவர், "ஆறப் போகுது, குடிங்க," என்றுவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அந்த ஆலைக்குப் போனேன். சலாம் சொன்னால் பதில் சொல்வார். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

கோப்பையை எடுக்கப் பாலத்தில் ஏறியபோது போன் அடித்தது. தவராசா சேர்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சேர். ஆக்கள் சமாதானமாயிட்டாங்க. எல்லாம் ச..."

"பாலத்தில இப்ப எவ்வளவு காட்டுது?"

யன்னலுக்குள் திரையைப் பார்த்தேன். "அறுபது கிலோ."

"அறுபதா? ஆர் நிக்கிற அதில?"

"நான்தான் சேர்."

"வேற?"

சாத்திய கதவுக்குள்ளிருந்து தெய்வநாயகம் அண்ணன் எதையோ சொல்ல, ஹாஜியார் சிரித்தது கேட்டது.

"வேற ஒருத்தரும் இல்ல சேர்."

அவர் எப்போதையும்விட மெதுவாகச் சொன்னார்: "இறங்கிப்போட்டுச் சொல்லு."

இறங்கினேன். கோப்பை விளிம்பில் அப்படியே இருந்தது. லொறி நிறுக்கிற தராசுக்கு ஒரு கோப்பைத் தேத்தண்ணி கண்ணில் படாது.

"ஸீரோ, சேர்."